நெஞ்சிற் கரவின்மையும் ஓர் இசுப்பானியச் சொல்லும்

மொழிபெயர்ப்பாளரைத் திகைக்கவைக்கும் சொற்கள் பெரும்பாலும் அருகி வழங்கும் சொற்களல்ல. அரிய சொல்லுக்குப் பொருள் ஒன்றே. அதனை அகராதி காட்டிவிடும். நாள்தோறும் நாவிற் புரளும் எளிய சொல்லே இடர் செய்வது. கியூபா நாட்டுக் கவிஞர் ஒசே மார்த்தி 1891ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் வெளியிட்ட ‘வெர்சோஸ் சென்சியோஸ்’ என்னும் நூல் அத்தகைய சொல்லொன்றோடு தொடங்குகிறது. ‘எளிய பாடல்கள்’ என்பது அந்நூற்பெயரின் பொருள். முதற்பாட்டின் முதலடியிலேயே கவிஞர் தம்மை அறிமுகஞ் செய்துகொள்கிறார். பெயர் கூறவில்லை, குலங் கூறவில்லை, தொழிலும் கூறவில்லை. ‘சின்செரோ’ என்னும் அடைமொழி ஒன்றை மட்டுமே தமக்குரியதாக்கிக்கொள்கிறார். அதன் பின்னரே தம் நிலத்தைப் பனையினத்து மரமொன்றாற் சுட்டுகிறார். இப்பாட்டின் பகுதிகள் ‘குவாந்தனாமேரா’ என்னும் இசையோடு இணைந்து உலகெங்கும் பாடப்பட்டமையால், இசுப்பானியம் அறியாதார் செவிக்கும் அச்சொல் எட்டியிருக்கிறது. அதனைத் தமிழிற் கூறுவது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினா மட்டக்களப்பு வாவிக்கரையில் எழுவது முற்றிலும் அயலான செய்தியன்று. 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசர் புளியந்தீவிற் கோட்டை எழுப்பியபோது போர்த்துக்கலின் முடியைத் தாங்கியிருந்தவன் இசுப்பானிய மன்னனே. 1580 முதல் 1640 வரை அவ்விரு நாடுகளும் ஒரே முடியின் கீழ் இருந்தன. 1638இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். போர்த்துக்கீசர் ஆட்சி நீங்கிய பின்னரும் அவர் மொழி நீங்கவில்லை. இசுப்பானியத்துக்கு உடன்பிறப்பான அம்மொழியின் வழிவந்த பேச்சு, மட்டக்களப்புப் பறங்கியர் சிலரிடையே இன்றளவும் உயிரோடிருக்கிறது. தமிழர் நாவிலும் அது படிந்தது. மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், கோப்பை, பீரிசு, துவாய், லேஞ்சி, சப்பாத்து, குசினி, விறாந்தை, பாண் என வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் அம்மொழி குடியிருக்கிறது. தவறணையும் ஏலமும் அதன் கொடையே. ஆயின் இந்நீண்ட பட்டியலில் உள்ளத்தின் பண்பைக் குறிக்குஞ் சொல் ஒன்றேனும் எளிதிற் கிட்டுவதில்லை. பொருள்களுக்குப் பெயர் கடன்கொண்ட தமிழர், நெஞ்சுக்குப் பெயர் கடன்கொள்ளவில்லை.

என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் முயற்சியால் 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் அச்சு வரலாற்றில் முதலிடம் பெறுவது. ஈராண்டு கழித்து, 1580இல், கொச்சியில் அவர் அச்சிட்ட நூல் பாவசங்கீர்த்தனம் பற்றியது. செய்த பிழையை உள்ளவாறு எடுத்துரைத்தலே அச்சடங்கின் உயிர். நெஞ்சும் நாவும் அதில் வேறுபடலாகாது. எனினும் நூலின் பெயர் ‘கொம்பெசியொனாயரு’ எனப் போர்த்துக்கீசச் சொல்லாகவே நின்றுவிட்டது. சடங்கின் பெயரைக் கொண்டுவருதல் எளிது. அச்சடங்கு வேண்டும் உள்ள நிலைக்குத் தமிழர் தம்முடைய சொற்களையே நாடவேண்டியிருந்தது.

இசுப்பானியத்தில் இப்பொருட்பரப்பைப் பங்கிட்டுக்கொள்ளுஞ் சொற்கள் பல. கொடுக்கல் வாங்கலிற் பிறழாதவன், பிறர் பணத்தைத் தொடாதவன் ‘ஒன்ராதோ’. ‘ஒனெஸ்தோ’ என்பது ஒலியில் அதனை நெருங்குவது. பொருளிலோ அடக்கத்தையும் ஒழுக்கத்தையும் கற்பையும் குறித்த சொல். முன்னது இடைக்கு மேலுள்ள அறம், பின்னது இடைக்குக் கீழுள்ள அறம் என இசுப்பானியர் நகையாகக் கூறுவதுண்டு. ஆங்கிலத்தின் தாக்கத்தால் இன்று அவ்வேறுபாடு மங்கி, இரண்டாவது சொல் முதலாவதன் இடத்தையும் கவர்ந்துவருகிறது; மொழிக்காவலர் சிலர் இதனை வெறுக்கின்றனர். உண்மைச் செய்தியையே உரைப்பவன் ‘வெராசு’. மனத்திற் பட்டதை மறைக்காது முகத்துக்கு நேரே கூறுபவன் ‘பிராங்கோ’.

இவ்விறுதிச் சொல்லிற் சற்றே நிற்கலாம். பிராங்கர் என்னும் மேற்கு ஐரோப்பியக் குடியினரின் பெயரே இதன் மூலம். ஆள்வோராகிய அவர் எவர்க்கும் அடங்காதவர் ஆதலின், கட்டற்றவன் என்றும், பின்னர் ஒளிவுமறைவின்றிப் பேசுபவன் என்றும் பொருள் விரிந்தது. அதே குடிப்பெயர் அரபு, பாரசீக மொழிகள் வழியே கிழக்கு நோக்கி வந்து தமிழிற் ‘பறங்கி’ ஆயிற்று. மேற்கே ஒரு பண்பின் பெயராய் உயர்ந்த சொல், கிழக்கே ஓர் இனத்தின் பெயராய் நின்றது. கல்லடிப் பாலத்துக்கு இருபுறமும் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லுக்கு இத்தகைய உறவினர் ஐபீரிய நாட்டில் உளர் என்பது பலர் அறியாதது.

இனிச் ‘சின்செரோ’. கலப்பற்றது, தூயது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது இது. சிற்பி கல்லின் வெடிப்பை மெழுகால் அடைத்து ஏமாற்றுவான் என்றும், மெழுகு பூசாத கல்லே ‘சின்செரோ’ என்றும் ஒரு கதை உண்டு. இலத்தீனில் ‘சினே’ என்பது இன்றி என்றும், ‘சேரா’ என்பது மெழுகு என்றும் பொருள்படும். கதை இனியது; ஆனால் சொன்மூலம் ஆராய்ந்தோர் அதனை ஏற்பதில்லை. தமிழிலும் இதனையொத்த இனிய பிழை ஒன்று மேடைதோறும் முழங்குகிறது. உள்ளத்திற் பொய்யாமை உண்மை, வாயிற் பொய்யாமை வாய்மை, மெய்யாகிய உடலிற் பொய்யாமை மெய்மை என்பது அது. ‘உண்மை’ என்பதன் அடி ‘உள்’. அது ஈண்டு உளதாதலைக் குறிப்பது. இன்மைக்கு எதிர்ச்சொல்லாகவே பண்டை உரையாளர் அதனை ஆண்டனர். உள்ளதன் தன்மை உண்மை. உள்ளத்தின் தன்மை என்பது பின்வந்தோர் விருப்பம். ஆயினும் மெழுகுக் கதையையும் இந்த மூவகைப் பாகுபாட்டையும் முற்றாகத் தள்ளிவிடுதல் தகாது. வேர்ச்சொல்லைப் பற்றி அவை கூறுவது பிழையே. அச்சொற்களிடம் மக்கள் எதிர்பார்ப்பது யாது என்பதை அவை பிழையின்றிக் காட்டுகின்றன.

‘சின்செரோ’ என்பது செய்தியைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியதன்று, துணிவைப் பற்றியது மட்டுமன்று. உணர்வுக்கும் சொல்லுக்கும் உள்ள பொருத்தத்தையே அது கூறுகிறது. தான் கூறுவது தவறாக இருப்பினும் ஒருவன் சின்செரோவாக இருத்தல் கூடும். அவன் அதனை நம்பிக் கூறுகிறான் என்பதே வேண்டுவது.

ஆயினும் ஆங்கிலேயன் இப்பண்பின் பெயரை வழங்கும் இடந்தோறும் இசுப்பானியன் அதனை வழங்குவதில்லை. இழவு வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் இசுப்பானியரின் மரபுத்தொடர் ‘செந்தீதோ பேசமே’ என்பது. ‘பேசமே’ என்பது எனக்குப் பாரமாயிருக்கிறது என்னும் வாக்கியம் பெயர்ச்சொல்லாய் உறைந்தது. ‘செந்தீதோ’ என்றால் உணரப்பட்டது. துயரம் மெய்யானது என்று அவர் கூறவில்லை. அது உணரப்பட்டது, அது கனக்கிறது என்கின்றனர். தமிழர் அவ்விடத்தில் ‘ஆழ்ந்த அனுதாபம்’ என்பர். ஒரு மொழி பாரத்தாலும் ஒரு மொழி ஆழத்தாலும் அளக்கின்றன. ஆங்கிலத் தொடரை மனத்திற்கொண்டு ‘உண்மையான அனுதாபம்’ என்று எழுதினால், பொய்யான அனுதாபமும் உண்டுபோலும் என்ற எண்ணத்தையே இழவு வீட்டார்க்கு அது தரும்.

கடித முடிவிலும் இதுவே நிலை. பழைய இசுப்பானியக் கடிதங்கள், தங்கள் கையை முத்தமிடும் உறுதியான ஊழியன் என்னும் நீண்ட வாய்பாட்டின் முதலெழுத்துக்களோடு முடிவன. பிற்காலத்தவை ‘கருத்தோடு’ என்று பொருள்படும் ஒரு சொல்லோடு முடிவன. தமிழ்க் கடிதத்தின் ‘இங்ஙனம், உண்மையுள்ள’ என்பது ஆங்கில வாய்பாட்டின் நிழல். விண்ணப்பத்தின் அடியில் அதனை எழுதுவோர், எதில் உண்மை, எவர்க்கு உண்மை என்று ஒருநாளும் எண்ணிப் பார்ப்பதில்லை. மொழிபெயர்த்த வாய்பாடு பொருளை இழந்து கையொப்பத்தின் அணியாகிவிட்டது. ‘மனமார்ந்த நன்றி’ என்பதோ உயிருள்ள தொடர். மனம் நிறைந்து வழிகிறது என்னும் காட்சி அதனுள் இன்னும் இருக்கிறது. இசுப்பானியரும் நன்றி கூறும்போது இதயத்திலிருந்து என்றே தொடங்குவர். ஒளிவின்றிப் பேசுதலை இதயத்தைக் கையில் ஏந்திப் பேசுதல் என்பது அவர் மரபு. ‘நெஞ்சைத் தொட்டுச் சொல்’ என்பது தமிழர் மரபு. அடைமொழியை விடுத்து உறுப்பைக் கூறும் இவ்விடத்தில் இரு மொழிகளும் ஆங்கிலத்தின் துணையின்றியே கைகோக்கின்றன.

ஆகவே மார்த்தியின் சொல்லுக்கு ஆங்கிலவகராதி வழியே செல்வோர் இடறுவது இயல்பு. அவ்வழியிற் கிட்டும் முதற்சொல் ‘நேர்மையான’ என்பது. நேர்மை நடத்தையின் பண்பு. கணக்கிலும் பதவியிலும் தீர்ப்பிலும் விளங்குவது. அதனை வைத்தால் மார்த்தி கையூட்டு வாங்காத கணக்கர் ஆகிவிடுவார். அது ‘ஒன்ராதோ’வின் தமிழ். ‘உண்மையான மனிதன்’ என்றாலோ, போலியல்லாத மனிதன் என்றும், பிறர்க்கு விசுவாசமுடையவன் என்றும் பொருள் இரண்டாய்ப் பிளக்கும்.

‘வாய்மை’ உயர்ந்த சொல். ஆனால் வள்ளுவர் அச்சொல்லுக்கு வகுத்த இலக்கணம் ஈண்டுத் தடையாகிறது. வாய்மையதிகாரத்தின் முதற்குறள் தீங்கற்ற சொல்லையே வாய்மை என்கிறது. அடுத்த குறள் குற்றமற்ற நன்மை பயக்குமாயிற் பொய்யையும் அவ்விடத்தில் வைக்கிறது. அளவுகோல் பிறர்க்கு விளையும் நன்மை, பேசுவோன் உணர்வன்று. சின்செரோவான மனிதன் பிறரைப் புண்படுத்தவும் கூடும். வள்ளுவர் இப்பண்பை அறியாதவரல்லர். தன் நெஞ்சு அறிந்த ஒன்றைப் பொய்த்தால் அந்நெஞ்சே தன்னைச் சுடும் என்பதும், உள்ளத்தாற் பொய்யாது ஒழுகுபவன் உலகத்தார் உள்ளத்திலெல்லாம் இருப்பான் என்பதும் அதே அதிகாரத்துக் கருத்துக்களே. கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை என அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த முறையும் கருதத்தக்கது. வேடத்தையும் களவையும் பொய்யையும் அவர் ஒரே தெருவிற் குடிவைத்திருக்கிறார். எனினும் ‘சின்செரோ’வுக்கு ஈடாக ஒற்றைச் சொல் ஒன்றை அவர் தந்து செல்லவில்லை.

‘கள்ளங்கபடமற்ற’ என்பது பேச்சுவழக்கில் மிக நெருங்குவது. ஆயின் அது குழந்தைக்குரிய அடைமொழி. கள்ளம் இன்னதென அறியாதவனே கள்ளமற்றவன். இருபதாம் நூற்றாண்டு இதழ்கள் பெரிதும் விரும்பிய ‘அந்தரங்க சுத்தி’ பொருளிற் குறையாதது. எனினும் எளிய பாடல்கள் என்று பெயரிட்ட நூலின் வாயிலில் அது பட்டுப்போர்வை போர்த்து நிற்கும்.

கியூபா கவிஞரின் வாழ்க்கையை நோக்கினால் சொல்லின் பொருள் மேலும் தெளிவாகும். 1869ஆம் ஆண்டில், பதினாறே வயதில், மார்த்தி சிறைப்பட்டார். இசுப்பானியப் படையிற் சேர்ந்த பள்ளித் தோழன் ஒருவனைக் கொள்கை துறந்தவன் எனக் கண்டித்து எழுதிய கடிதமே காரணம். அக்கடிதத்திற் கையொப்பமிட்டோர் இருவர். வழக்கு மன்றத்தில் மார்த்தி பழியை நண்பன்மேற் சாரவிடாது, எழுதியவன் தானே என்று உறுதியாய் நின்றார். நண்பனுக்குக் கிடைத்ததினும் கடுமையான தண்டனை, ஆறாண்டுக் கடுங்காவல், அவர்க்குக் கிடைத்தது. கல்லுடைக்கும் இடத்தில் வருந்திய பின் 1871இல் இசுப்பானியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1895இல் தோசு ரீயோசு என்னுமிடத்திற் போர்க்களத்தில் மாண்டார். இத்தகையவன் தன்னைச் சின்செரோ என்று கூறும்போது, அது குழந்தையின் வெள்ளையுள்ளமன்று. மறைத்திருக்கக்கூடியதை மறைக்காமையே அது. மறைக்கும் வழியையும் மறைக்காமையின் விலையையும் நன்கு அறிந்தவன் செய்த தேர்வு. கள்ளமற்றவன் என்று மொழிபெயர்ப்பது இங்கே பொருட்குறை மட்டுமன்று. ஒரு வாழ்வைச் சிறிதாக்குவதுமாகும்.

தமிழில் இப்பண்பு மிகச் செறிந்திருக்கும் இடம் ‘மெய்’ என்னும் முன்னொட்டு. மெய்யன்பு, மெய்யடியார், மெய்ந்நட்பு என்பவற்றில் அது ‘சின்செரோ’வின் முழுப்பொருளையும் தாங்குகிறது. அவ்வாறாயின் ‘மெய்யன்’ என்று முடித்துவிடலாமே எனின், அங்கே தடுப்பது அகராதியன்று, தமிழ்ப் பண்பாடு. மெய்யடியான் என்று பிறரே ஒருவனைக் கூறவேண்டும். தன்னைத் தானே அவ்வாறு கூறுபவனை அவையோர் ஐயத்தோடு நோக்குவர். திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தம்மையும் தம் அன்பையும் பொய்யென்றே மீண்டும் மீண்டும் கூறி அழுகிறார். அவர் சொல்லின் மெய்ம்மையை ஐயுற்றவர் எவருமில்லை. நெஞ்சின் உண்மையை நிலைநாட்டத் தமிழ் மரபு கண்ட உயர்ந்த வழி, அஃது இல்லையென்று வருந்துதலே. மார்த்தியின் மரபு வேறு. அங்கே ஒருவன் நிமிர்ந்து நின்று, நான் இன்னவன் என்று கூறலாம். கூறியவாறு வாழ்ந்து காட்டினாற் போதும். ஒரு மரபின் நிமிர்ந்த கூற்றை மற்றொரு மரபின் பணிவு கெடாமற் கொண்டுவருதலே மொழிபெயர்ப்பாளர் முன் நிற்கும் உண்மையான இடர். இதனைச் சொற்றேர்வு என்று மட்டும் கருதுவோர் பாதியளவே கண்டவர்.

எதிர்மறை வாய்பாடு இதற்கு ஒரு வழி திறக்கிறது. நல்லவன் என்று தன்னைக் கூறிக்கொள்ளத் தயங்கும் தமிழன், தன் மனத்தில் ஒன்றுமில்லை என்று கூறத் தயங்குவதில்லை. நாவற்குடாவிலும் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் பிணக்குத் தீரும் வேளையில் எழுவது அவ்வாக்கியமே. குணத்தை உரிமைகோருவது தற்புகழ்ச்சி. குற்றத்தை மறுப்பது தன்னிலை விளக்கம். அம்முறையில் நோக்கினால் ‘கரவு’ என்னும் பழஞ்சொல் கைகொடுக்கிறது. கரத்தல் என்பது ஒளித்தல். கள்ளம்போல அது தீயெண்ணத்தைச் சுட்டவில்லை. கபடம்போலச் சூழ்ச்சியைச் சுட்டவில்லை. உள்ளதை உள்ளே மறைத்துவைத்தலை மட்டுமே சுட்டுகிறது. எனவே கரவின்மை, மறைக்க அறிந்தும் மறையாதவனுக்கு உரியதாகிறது. ‘ஒளிவுமறைவு இல்லாதவன்’ என்னும் வழக்குத்தொடர் இதனினும் எளிதே. ஆனால் அது ‘பிராங்கோ’வின் எல்லையில் நிற்பது. ‘நெஞ்சிற் கரவில்லாதவன்’ என்கையில் நெஞ்சு முன்வந்து நின்று அவ்வெல்லையைத் தாண்டிவிடுகிறது. கரவு இன்று பேச்சில் வழங்காத சொல் என்னும் தடை கூறப்படலாம். தடை மெய்யே, எனினும் பொருள் விளங்காது மயங்கும் அளவுக்கு அது அயர்ந்துவிடவில்லை.

இவ்வாறு நெஞ்சை முன்வைக்கும் முறைக்கு இம்மண்ணிலேயே சான்றுண்டு. காரைதீவிற் பிறந்து கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவிய விபுலாநந்த அடிகள் (1892–1947), கலைச்சொல்லாக்கத்திலும் மொழிபெயர்ப்பிலும் நெடிது உழைத்தவர். ‘மதங்க சூளாமணி’யில் செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ்ப் பெயரும் தமிழ் நடையும் பூண்டு உலவவைத்தவர். ஈசன் உவக்கும் மலர்கள் மூன்றனைப் பாடிய அவர்தம் பாட்டு, ஈண்டு எடுத்த பொருளுக்கு நேரானது. புறத்தே மலரும் பூக்களைத் தள்ளி, உள்ளத்தைத் தாமரையாகவும், கூப்பிய கைகளைக் காந்தளாகவும், நோக்கும் விழிகளை நெய்தலாகவும் அது கொள்கிறது. வாய்மை, உண்மை, மெய்மை என்னும் பண்புப்பெயர்களைத் தேடாது, உறுப்பைக் கூறியே பண்பை உணர்த்திவிடுகிறார் அடிகள். கைகூப்புதலை வெறுஞ் சடங்கென்று அவர் விலக்கவுமில்லை. உள்ளம் மலர்ந்தபின் கையும் மலரே. இதயத்தைக் கையில் ஏந்தும் இசுப்பானிய வழக்கை அறிந்தோர் இப்பாட்டை மீண்டும் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்குவது காண்பர்.

யாப்பைப் பற்றியும் ஒரு சொல். மார்த்தியின் பாட்டு எண்ணசை கொண்ட சிற்றடிகளால் ஆகிய நாலடிக் கண்ணிகளில் அமைந்தது; நாட்டுப்பாடலின் நடையை வேண்டியே அவர் அதனைத் தெரிந்தார். அதனை ஆசிரிய விருத்தத்தில் ஏற்றினால் ‘எளிய பாடல்கள்’ என்னும் பெயரே பொய்யாகும். மட்டக்களப்புப் பகுதியின் வயலோரங்களில் வழங்கிவந்த நாலடிக் கவி அதற்கு ஏற்ற கலம். அடுத்து நோக்கவேண்டியது சொல்லின் இடம். இசுப்பானியத்தில் அடைமொழி பெயருக்குப் பின்னே வருதலின், ‘சின்செரோ’ அடியின் இறுதியில் நின்று ஒலிக்கிறது. செவியில் எஞ்சுவது அதுவே. ‘நேர்மையான மனிதன்’ போன்ற தமிழாக்கங்களில் அடைமொழி முன்னே சென்று மறைய, மனிதன் என்னும் சொல்லே இறுதியில் நிற்கும். கரவில்லாதவன் என வினையாலணையும் பெயர்போல அமைத்தாலோ, மனிதனும் அவன் பண்பும் ஒரே சொல்லாகி, மூலத்தில் நின்ற அதே இடத்தில் நிற்பர்.